கசக்குதா என்று கேட்டார்கள்

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கெமிக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ சேர்ந்த அன்றைக்கு அவள் அண்ணி வைத்த பெயர் அது. "நம்ம வீட்டுல ஒரு கெமிக்கல் இருக்கு, பார்த்துப் பழகுங்க" என்று மாடிப்படியில் நின்று அண்ணி சொன்னதை அக்கம்பக்கம் அப்படியே பிடித்துக்கொண்டது. படிப்பு முடிந்தது, சான்றிதழ் கைக்கு வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. படித்த வேலை கிடைத்திருந்தால் அந்தப் பெயரை அவள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு நடந்திருப்பாள். கிடைக்காதவளைப் பார்த்து, "என்ன கெமிக்கல், எங்கயாவது கூப்பிட்டாங்களா?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்டால் பற்றிக்கொண்டு வராதா?

அவளுக்கு வேண்டியது ஒரே வேலைதான். ரசாயன ஆலையில் ப்ராசஸ் ஆபரேட்டர். உலைக்கும் பம்புக்கும் நடுவில் நின்று, சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, வால்வைத் திறந்தும் மூடியும் சரக்கைப் பக்குவமாக இறக்குகிற வேலை. படிக்கிற காலத்தில் வகுப்போடு ஓர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனாள். அங்கிருந்த ஆபரேட்டர் ஒருவர் ஒரு வால்வின் சக்கரத்தைக் காட்டி, "மெல்லத் திருப்பும்மா" என்றார். திருப்பினாள். மேல்தளத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முள் நகர்கிறது என்று வாக்கி டாக்கியில் சொன்னார். தன் கைக்கு எங்கேயோ ஒரு முள் நகர்கிறது என்பதில் அவள் சொக்கிப்போனாள். சிலருக்குச் சேலையைப் பார்த்தால் கால் நகராது. இவளுக்கு அப்படி ஒரு வால்வு.

ஆசைக்கு என்ன குறைச்சல்? ஆலைக்காரர்கள் அல்லவா மனசு வைக்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்குப் போனால் பையன்களிடம் கொதிநிலையைக் கேட்டார்கள், இவளிடம் கல்யாணத்தைக் கேட்டார்கள். "நைட் ஷிஃப்ட் வருவீங்களா?" "பிரச்சினை இல்லை சார்." "ஏணி ஏறுவீங்களா?" "பிரச்சினை இல்லை சார்." "பொம்பளைங்களுக்குத் தனி டாய்லெட் அந்தப் பக்கம் கிடையாது, கொஞ்சம் நடக்கணும்." "பிரச்சினை இல்லை சார்." மலையைத் தூக்கித் தலையில் வைக்கிறோம் என்று சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். கடைசியில் எல்லோரும் ஒன்றுபோல, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஒருத்தர்கூடச் சொல்லி அனுப்பவில்லை.

சோப்பு எண்ணெய் செய்கிற சின்ன ஆலை ஒன்று மட்டும் ட்ரெய்னி ஆபரேட்டர் என்று சொல்லி அவளை எடுத்தது. முதல் நாளே முதலாளி, "உள்ள இப்ப ஆள் நிறைய இருக்கு. கொஞ்ச நாள் பேக்கிங்ல இரும்மா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்கில் நீண்டது. பெல்ட்டில் வரிசையாக வரும் கேன்களுக்கு லேபிள் ஒட்டுவதுதான் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் உலை உறுமும், பம்பு ஓடும், அவள் இந்தப் பக்கம் பசைத்தாளை உரித்துக்கொண்டிருப்பாள். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஆலையிலேயே கோணாமல், காற்றுக்கொப்புளம் விழாமல் லேபிள் ஒட்டுவதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. யாராவது அதைப் பாராட்டினால் அவளுக்கு அழுகை வரும். பாராட்டியவர்கள் மேல் கோபமும் வரும்.

வயசும் நிற்கவில்லை. முப்பதைத் தாண்டினால் புது ஆபரேட்டராக எந்த ஆலையும் எடுக்காது. அவள் அந்த வாசற்படியில் ஒரு காலை வைத்தாகிவிட்டது. அண்ணன் நல்லவன், அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் அவனுக்கும் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. "என் சிநேகிதன் கடையில பில் போட ஆள் கேக்குறான். ஏசி ரூம். நிழல்ல உக்காந்து வேலை" என்று ஆரம்பித்தான்.

"அவ என்ன தக்காளியா, நிழல்ல வைக்கிறதுக்கு?" என்று அண்ணிதான் அவன் வாயை அடைத்தாள். அண்ணி அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். நாக்கில் கத்தரிக்கோல் வைத்திருப்பாள், நாத்தனாரைச் சீண்டாமல் ஒரு வேளை சோறு இறங்காது. ஆனால் வேறு யாராவது சீண்டினால் மட்டும் விடமாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரத்துப் பெரிய ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் வாயு எடுக்கிற ஆலை. அவளோடு ஒரே பெஞ்சில் படித்த ஒல்லி அங்கேதான் ஆபரேட்டர். கன்னம் இரண்டும் ஒட்டி, முகம் கைக்குள் அடங்குகிற மாதிரி இருப்பான், அதனால் அந்தப் பெயர். படித்து முடித்த கையோடு அவனுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. அவளைவிட மதிப்பெண் குறைவுதான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, ஆனால் மறந்ததும் இல்லை.

இந்தத் தடவை நேர்முகத் தேர்வு வேறு மாதிரி இருந்தது. ஆலையின் தலைமைப் பொறியாளர் கல்யாணத்தைக் கேட்கவில்லை. பம்பு ஓடுகிறது, வெளியே சரக்கு வரவில்லை, என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். அவளுக்குக் குரல் நடுங்கியது, சந்தோஷத்தில். படபடவென்று சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, "மெடிக்கல் ஒன்னு, மாஸ்க் டெஸ்ட் ஒன்னு. ரெண்டையும் முடிச்சுட்டா ஆர்டர் வாங்கிக்கலாம்" என்றார். அன்றைக்குத் தெருவுக்குள் நுழையும்போது, கெமிக்கல் என்று யாராவது கூப்பிடமாட்டார்களா என்று அவளுக்கு இருந்தது.

ஒல்லிக்குப் போன் போட்டாள். அவன் கரைத்துக் குடித்தவன் மாதிரி அறிவுரை சொன்னான்.

"மெடிக்கல்ல எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. மூச்சு வாங்குதா, இல்லை. தலை சுத்துதா, இல்லை. இருமல் இருக்கா, இல்லை. ஒன்னுக்கு ஆமான்னு சொன்ன, அதைப் பிடிச்சுக்கிட்டு நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க."

"மாஸ்க் டெஸ்ட்டுல?"

"அங்கயும் அதேதான். கசக்குதான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிட்டு வந்துக்கிட்டே இரு."

சொன்னவன் முழுதாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். கேட்டவளாவது இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

மெடிக்கல் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. நர்ஸ் கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அடுத்து மாஸ்க் டெஸ்ட் அறை. பாதுகாப்பு அதிகாரி, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கிற மனிதர். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்த ஒரு பெரிய உறையைத் தலைவழியாகத் தோள்வரை மாட்டினார். "நாக்கை லேசா நீட்டிக்கிட்டு வாயால மூச்சு விடுங்க. கசப்பு தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன குரல். உறையில் இருந்த ஓட்டை வழியாக ரப்பர்க் குமிழ் ஒன்றை அழுத்தி உள்ளே ஏதோ மருந்தைத் தெளித்தார்.

கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. நாக்கில் ஆரம்பித்து அடித்தொண்டை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

"கசக்குதா?"

"இல்லை சார்."

அவர் இன்னும் கொஞ்சம் தெளித்தார். "இப்ப?"

"இல்லை சார்."

அவர் விடாமல் குமிழை அழுத்தினார். அவள் விடாமல் இல்லை என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. இது ஆளின் தாக்குப்பிடிக்கும் சக்தியைப் பார்க்கிற சோதனை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வேலை நமக்கு என்று அவள் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள். பொம்பளை என்று ஒரு சொல் யார் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது.

அதிகாரி உறையைக் கழற்றினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்க முடியாதும்மா. உங்க நாக்குக்குக் கசப்பே தெரியலை."

"சார்?"

"இப்ப மாஸ்க் போடலை இல்லையா? இது உங்களுக்குக் கசப்பு தெரியுதான்னு மட்டும் பாக்குறது. அப்புறம் மாஸ்க்கை மாட்டித் திரும்பத் தெளிப்பேன். அப்ப கசக்கக் கூடாது. கசந்தா மாஸ்க்ல எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். வெறும் முகத்துக்கே கசக்கலைன்னா, மாஸ்க் ஒழுகினா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குப் பூமி நழுவியது. "கசக்குது சார்! பயங்கரமா கசக்குது!"

"இப்பச் சொல்றீங்க."

"அப்பவும் கசந்துச்சு சார். வேலை போயிடுமோன்னு இல்லைன்னு சொன்னேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. "அடுத்த வாரம் வாங்க. நாக்கைக் கழுவிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்ட அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கசக்குதுன்னு சொன்னா வேலை தர்றேன்னு ஒருத்தன் கெஞ்சிக் கேட்டிருக்கான். நீ என்னடான்னா மகாராணி மாதிரி இல்லை இல்லைன்னு உக்காந்திருக்க." சிரித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. "அந்த ஒல்லி இந்தப் பக்கம் வரட்டும். அவன் புருவத்தை எடுத்துடுறேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. "அடுத்த வாரமும் ஆகலைன்னா, பில் போடுற வேலைக்குச் சரின்னு சொல்லிடலாமா?" என்றான். இந்தத் தடவை அண்ணியும் அவன் வாயை அடைக்கவில்லை. அதுதான் கெமிக்கலுக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்கச் சோறு கசந்தது, தண்ணீர் கசந்தது, லேபிள்களைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. அதிகாரி மேல் கோபம், ஒல்லி மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே கோபம்.

இரண்டாவது தடவை உறையை மாட்டி ஒரு தெளிப்புத் தெளித்ததுமே, "கசக்குது!" என்று கத்தினாள். அதிகாரி சிரித்துவிட்டார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு முகத்தில் மாஸ்க்கை வைத்துப் பட்டையை இழுத்துக் கட்டினார். கறுப்பு ரப்பர், இரண்டு பக்கமும் வட்டமான வடிகட்டி. அந்த ஆலையில் இருப்பது ஒரே அளவுதான். எல்லோருக்கும் பொருந்தும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அவள் முகம் சின்னது, தாடை கூர்மை. பட்டையை எவ்வளவு இழுத்தாலும் தாடைக்குக் கீழே ரப்பர் தொட்டும் தொடாமலும் நின்றது. மனிதவளத் துறைக்காரரும் ஆர்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்து நின்றிருந்தார். அன்றைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

மறுபடி உறை, மறுபடி தெளிப்பு. நேராக மூச்சு விட்டபோது ஒன்றுமில்லை. தலையை இரண்டு பக்கமும் திருப்பினாள், ஒன்றுமில்லை. "குனிங்க" என்றார். குனிந்தாள். நாக்கு நுனியில் கசப்பு ஒரு கோடு மாதிரி இழைந்தது.

"கசக்குதா?"

இப்போது வேலை கிடைக்க இல்லை என்பதுதான் சரியான பதில். ஒரே ஒரு இல்லை. வாழ்க்கையில் எத்தனையோ இல்லைகளை வாரி இறைத்தவள், இன்னும் ஒன்றைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆர்டர் மூன்றடி தூரத்தில் இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால் பில் போடுகிற கடை. அவள் வாயைத் திறந்தாள். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டால் நிற்கிற இடத்தைச் சொல்வதுதான் இந்த வேலையே. அந்த வேலைக்கு வந்துவிட்டு முதல் நாளே முள்ளைப் பற்றிப் பொய் சொல்வதா? குளோரின் நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்று வேறு அவளுக்குப் பாடம் பாடமாகத் தெரியும்.

"கசக்குது சார்."

பட்டையை இன்னும் இறுக்கினார்கள். கன்னம் வலித்தது. குனிந்தாள். கசந்தது. அதிகாரி மாஸ்க்கை மாற்றிப் பார்த்தார், அதுவும் அதே அளவு, அதே கசப்பு.

மனிதவளத் துறைக்காரர் பொறுமையிழந்தார். "லேசாதானேம்மா கசக்குது? மாஸ்க் என்ன தினமுமா போடப்போறீங்க? லீக் ஆனாத்தான். இங்க லீக்கெல்லாம் ஆகுறதில்லை."

"லீக் ஆச்சுன்னா?" என்றாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சின்ன அளவு வாங்கித் தாங்க சார். கிடைக்குமே, நான் பார்த்திருக்கேன்."

"ஒருத்தருக்காகத் தனியா வாங்கணும்னா மேல கேக்கணும். இத்தனை வருஷத்துல இங்க ஒருத்தர்கூட அளவு சரியில்லைன்னு சொன்னதில்லை." ஆர்டரை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "சொல்லி அனுப்புறோம்."

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அந்த ஸ்டூலைத் தூக்கி அடிக்கலாமா என்று இருந்தது. எத்தனை வருஷப் படிப்பு, எத்தனை வாசல், எத்தனை "பிரச்சினை இல்லை சார்". கடைசியில் தாடைக்குக் கீழே இருக்கிற விரற்கடை இடம் அல்லவா அவளை வெளியே தள்ளிவிட்டது!

வாயிலுக்கு எதிரே டீக்கடையில் ஒல்லி நின்றிருந்தான். ஷிஃப்ட் முடிந்து, என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தான். அவள் கொட்டித் தீர்த்தாள். அவனையும் சேர்த்துத் திட்டினாள். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பவன், டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி நிக்குற?"

"எனக்கும் கசந்துச்சு" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். ஒட்டிய கன்னம், கூர்த் தாடை. அவளுடைய முகத்தைவிடச் சின்ன முகம்.

"எப்ப?"

"சேரும்போது. குனியச் சொன்னாங்க, கசந்துச்சு. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அதே மாஸ்க்கைத்தான் இன்னும் போட்டுக்கிட்டு இருக்கியா?"

"இடுப்புலதான் தொங்குது. ஒரு தடவை குழாய் ஜாயிண்ட்டுல லேசா குளோரின் கசிஞ்சுது, மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் போய் வால்வை மூடினேன். அன்னைக்கு வீட்டுல விடிய விடிய இருமல். சளின்னு சொல்லிட்டேன்."

"போய்ச் சொல்லுடா!" அவள் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "உள்ள போ. இப்பவே போய்ச் சொல்லு. உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? வீட்டுல உன் பொண்டாட்டி வாயும் வயிறுமா இருக்கா!"

"அதனாலதான் சொல்லலை." அவன் குரல் உடைந்தது. "சொன்னவ கதி என்னன்னு இப்பத்தானே பார்த்தேன். நீ வெளிய நிக்குற. என்னையும் வந்து பக்கத்துல நிக்கச் சொல்றியா?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கமுடியாத ஆத்திரமாக இருந்தது. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் டீயைக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

வீட்டில் அண்ணி கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, சீண்டவும் இல்லை. கெமிக்கல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இல்லைன்னு சொல்லியிருக்கலாமோ அண்ணி?" என்றாள்.

"சொல்லியிருந்தா நானே வந்து உன் வேலையைப் பிடுங்கியிருப்பேன்" என்றாள் அண்ணி. அண்ணன் தொண்டையைக் கனைத்தான். பில் போடுகிற கடையைப் பற்றி அன்றைக்கு அவன் பேசவில்லை. மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்று அவனாகவே சொன்னான்.

மறுநாள் அவள் மறுபடி லேபிள் ஒட்டப் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு எகிறும், பார்த்தால் கடன் வேண்டுமா என்று கேட்கிற குரலாக இருக்கும். ஆலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒல்லியும் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

மாதம் முடியப்போகிற ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில் ஒல்லியின் எண் வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் எடுத்தாள். பின்னால் ஏதோ பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கெமிக்கலு," என்றான் அவன். "போய்ச் சொல்லிட்டேன்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"திரும்பவும் டெஸ்ட் வச்சாங்க. குனிஞ்சேன், கசக்குதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தருக்காகத்தானே வாங்க முடியாதுன்னாங்க? இப்ப ரெண்டு பேராயிட்டோம். ரெண்டு சின்ன மாஸ்க்குக்குச் சொல்லியிருக்காங்க. உன் ஆர்டரைக் கிழிக்கலையாம், எடுத்து வச்சிருக்காங்களாம்."

"எப்ப வருமாம்?"

"அதுதான் தெரியலை. வெளியூர்ல இருந்து வரணுமாம். ஒரு மாசம்னு ஒருத்தர் சொல்றார், மூணு மாசம்னு ஒருத்தர் சொல்றார்." கொஞ்சம் தயங்கினான். "அதுவரைக்கும் என்னை உள்ள விடமாட்டாங்க. பிளீச்சிங் கேன் பேக்கிங்ல போட்டுட்டாங்க."

எங்கேயோ எப்போதோ கிளம்பப்போகிற ஒரு பெட்டிக்காக இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது என்று அவளுக்கு வயிறெரிந்தது. அதே நேரத்தில், அவன் மார்பு இன்றைக்குப் பத்திரமாக இருக்கிறது என்று கண்ணும் கலங்கியது. இரண்டில் எதைச் சொல்வது என்று தெரியாமல், "இருமல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அதை விடு. இந்த லேபிளைக் கோணாம ஒட்டுறது எப்படி? காலையில இருந்து எல்லாம் கொப்புளம் கொப்புளமா வருது, சூப்பர்வைசர் கத்துறார்."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கெட்டிய ஒரு கேனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஓரத்துல ஆரம்பிக்காதே. நடுவுல வச்சு அழுத்து. அப்புறம் ரெண்டு பக்கமும் தேய்ச்சுக்கிட்டே போ," என்றாள். "மெதுவா ஒட்டு. நமக்கு என்ன அவசரம்?"